கண்ணிலிருந்து மரத்துக்கு ஓர் அம்புக்குறி

"கரண்ட் போனா மொதல்ல ஒண்ணுமே தெரியல. கொஞ்ச நேரத்துல எல்லாம் தெரியுது. அப்ப நம்ம கண்ணுல இருந்துதான வெளிச்சம் வருது டீச்சர்?"

மூன்றாவது பெஞ்சுப் பையன் கேட்டான். கேட்டது என்னை அல்ல, கரும்பலகை முன்னால் நின்ற பயிற்சி ஆசிரியையை. நான் கடைசி பெஞ்சில் அப்சர்வேஷன் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு பி.எட். சேர்ந்தவள். பலகையில் அவள் வரைந்திருந்த கண் புத்தகத்தில் இருப்பதைவிட அழகாக இருந்தது. கார்னியா, ஐரிஸ், கண் பாவை, லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு, ஒன்றும் விடுபடவில்லை.

ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஆமாப்பா, கண்ணுக்குள்ளயும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். நமக்குக் கம்மி, பூனைக்கு ஜாஸ்தி" என்றாள். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது.

பிள்ளைகள் முன்னால் ஓர் ஆசிரியரைத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அந்தப் பதில் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் சோம்பேறி இல்லை. டீச்சிங் மேனுவல் எனும் பாடத்திட்ட நோட்டை ஒவ்வொரு பக்கமும் கவனமாக எழுதுகிறவள். குவியத் தூரக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் போடுவாள். அவளுக்கே இது தெளிவில்லை என்றால், நாம் இத்தனை வருஷமாகக் கண்ணைப் பற்றி என்னதான் சொல்லிக்கொடுத்தோம்?

எங்கள் பள்ளி கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளத்தில் இருக்கிறோம், வீட்டிலும் வகுப்பிலும் தமிழ் பேசுகிறோம். பாடப் புத்தகம் கேரள அரசு தமிழில் அச்சிட்டுத் தருவது. ஆசிரியர் கூட்டம் மலையாளத்தில் நடக்கும். பயிற்சிக்கு வருகிறவர்களில் சிலர் மலையாளத்தில் படித்தவர்கள், சிலர் பொள்ளாச்சி, கோவைக் கல்லூரிகளில் இங்கிலீஷில் படித்தவர்கள். எல்லோரும் இங்கே வந்து தமிழில் பாடம் எடுக்க வேண்டும். கண் என்பது பத்தாம் வகுப்பில் உயிரியலிலும் வரும், இயற்பியலிலும் வரும். நேச்சுரல் சயின்ஸ்காரர்கள் பாகங்களைச் சொல்வார்கள், பிசிக்கல் சயின்ஸ்காரர்கள் கதிர் வரைவார்கள். இரண்டுக்கும் நடுவில் 'எப்படிப் பார்க்கிறோம்' என்ற கேள்வி கவனிப்பார் இல்லாமல் கிடக்கும்.

மறுநாள் சாயங்காலம் லேபில் ஆறு பயிற்சி ஆசிரியர்களையும் உட்கார வைத்தேன். ஆளுக்கு ஒரு தாள். அதில் சூரியன், ஒரு பனைமரம், ஒரு சிறுமி. "இந்தப் பொண்ணு பனைமரத்தைப் பாக்கறா. எப்படிப் பாக்கறான்னு அம்புக்குறி போட்டுக் காட்டுங்க. பேர் எழுத வேண்டாம்" என்றேன்.

சூரியனிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து கண்ணுக்கும் அம்பு போட்டவர்கள் இரண்டு பேர். அதுதான் சரி. ஒருவர் சூரியனிலிருந்து மரத்துக்கு ஓர் அம்பு, சிறுமியின் கண்ணிலிருந்து மரத்துக்கு ஓர் அம்பு. ஒருவர் கண்ணுக்கும் மரத்துக்கும் இடையில் போக ஒன்று, வர ஒன்று. ஒருவர் சூரியனைத் தொடவே இல்லை, கண்ணிலிருந்து நேராக மரத்துக்கு. கடைசித் தாளில் சூரியனிலிருந்து மரத்துக்கும் அம்பு, சிறுமிக்கும் அம்பு. மரமும் சிறுமியும் வெயிலில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். இருவருக்கும் இடையில் எதுவும் நடக்கவில்லை.

இதைச் செய்து பாருங்கள் என்று பயிற்சி ஆசிரியர்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். பாகம் குறிக்கச் சொன்னால் தப்பு வெளியே வராது. அம்பு போடச் சொன்னால் வரும். பேர் எழுதச் சொல்லாதீர்கள், மார்க் போடாதீர்கள். மார்க் என்றவுடன் புத்தகத்தில் உள்ள படம்தான் தாளில் வந்து விழும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பேச்சு அப்படி. பார்வை விழுந்தது என்கிறோம். பார்வையை ஓட்டினான், கண் பட்டுவிட்டது, கண்ணொளி மங்கிவிட்டது என்கிறோம். பார்வை என்பது கண்ணிலிருந்து கிளம்பிப் போய் எதையோ தொடுகிற ஒன்றாகவே மொழியில் குடியிருக்கிறது. மலையாளத்தில் படித்துவந்த பயிற்சி ஆசிரியர் ஒருவர் வகுப்பில் ரெட்டினாவை, அதாவது விழித்திரையை, 'திருஷ்டிபடலம்' என்று சொல்லிவிட்டார். மலையாளப் பாடப் புத்தகத்தில் அதுதான் சரியான சொல். எங்கள் பிள்ளைகளுக்குத் திருஷ்டி என்றால் வாசலில் கட்டுகிற பூசணிக்காய். அந்தப் பீரியட் அதோடு போயிற்று. அப்புறம் யோசித்தால், திருஷ்டி கழிப்பதன் அடியில் இருப்பதும் அதே எண்ணம்தான்: கண்ணிலிருந்து ஏதோ ஒன்று வெளியே போகிறது.

பெரியவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் கண்ணிலிருந்து கதிர் கிளம்புவதாக வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார். நம் நாட்டில் நியாயம் என்ற தத்துவ மரபினர் கண் தேஜஸால், அதாவது நெருப்பு என்ற பூதத்தால் ஆனது, அது பொருளைப் போய்த் தொடுகிறது என்றார்கள், பௌத்தர்கள் மறுத்தார்கள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இபின் அல்-ஹைதம் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதை எடுத்து அலசினார். பிரகாசமான ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, கண்ணை மூடிய பிறகும் அதன் சுவடு நிற்கிறதே, அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே வந்து கண்ணைத் தாக்குகிறது என்று காட்டினார். இதை நான் பயிற்சி ஆசிரியர்களிடம் சொன்னபோது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தப்பாக நினைத்தது வெட்கப்பட வேண்டியது இல்லை என்று புரிந்தபிறகுதான் வாயைத் திறந்து பேசினார்கள்.

அடுத்து இருட்டு. ஸ்போர்ட்ஸ் சாமான் வைக்கிற அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைக் கறுப்புச் சார்ட் பேப்பரால் மூடினோம். கதவிடுக்கில் சாக்கு. ஓட்டுச் சந்தில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தது, அதையும் துணி வைத்து அடைத்தோம். இதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரம் வீண் இல்லை. வீட்டில் நாம் 'கும்மிருட்டு' என்று சொல்வது எதுவும் முழு இருட்டு இல்லை என்பது அந்த வேலையிலேயே அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. கரண்ட் போன ராத்திரியிலும் நட்சத்திர வெளிச்சம் உண்டு, தூரத்து டவுன் வெளிச்சம் வானத்தில் பட்டுத் திரும்புவது உண்டு. அந்தச் சொற்ப வெளிச்சத்துக்குக் கண் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பாவை விரிவது சில நொடியில் நடக்கும். விழித்திரையில் உள்ள, நல்ல வெளிச்சத்தில் வேலை செய்கிற கூம்புச் செல்கள் பத்து நிமிஷத்தில் தங்களால் முடிந்த எல்லையைத் தொட்டுவிடும். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்கிற குச்சிச் செல்கள் முழுசாகப் பழக அரை மணி நேரம் வேண்டும்.

உள்ளே போகும்முன் ஆறு பேரிடமும் கேட்டேன். முழு இருட்டில் அரை மணி உட்கார்ந்தால் ஒரு வெள்ளைத் தாள் தெரியுமா? நான்கு பேர் தெரியும் என்றார்கள். உட்கார்ந்தோம். தெரியவில்லை.

இங்கே ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். "உங்க கையை முகத்துக்கு நேரா ஆட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு பையன் "தெரியுது டீச்சர், நிழல் மாதிரி அசையுது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. கையை அசைப்பது அவன்தான், அது எங்கே போகிறது என்று மூளைக்குத் தெரியும். பலருக்கு அது ஒரு மங்கலான காட்சியாகவே தோன்றிவிடும். பிறகு பக்கத்தில் இருப்பவர் கையை ஆட்டச் சொன்னேன், எத்தனை விரல் என்று கேட்கச் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் சந்தில் வைத்த துணியை லேசாக இழுத்ததும் வலைப்பந்து, சுவர், ஒருவர் முகம் ஒருவருக்கு, எல்லாம் வந்தன. அந்த எம்.எஸ்சி. பெண் மெதுவாக, "அந்த மூணாவது பெஞ்சுப் பையனுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள்.

பூனைக் கண்ணும் இப்படித்தான். பூனை, மாடு, ஆடு இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற பளபளப்பான படலம் ஒன்று இருக்கிறது. பைக் லைட் பட்டால் ரோட்டோரத்து மாட்டின் கண் மின்னுவது அதனால். லைட்டை அணைத்தால் மின்னாது. நமக்கு அந்தப் படலம் கிடையாது.

அந்தப் படலத்தைக் கையால் தொட்டே பார்த்தோம். மெயின் ரோட்டு இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து, காலை ஏழு மணிக்கு மாட்டுக்கண் நான்கு வாங்கிவந்தேன். ஆட்டுக்கண்ணைவிடப் பெரியது, பழக நல்லது. அன்றைக்கு வெட்டியதாக இருக்க வேண்டும்; நேரம் போனால் கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கார்னியா வெளுத்துப் பால்போல் ஆகிவிடும். முதல் நாளே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். தொடவே முடியாது என்ற ஒரு பெண் தூரத்தில் உட்கார்ந்து படம் வரைந்தாள், அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. மாட்டை வெட்டியதைப் பார்க்க விரும்பாத வீடுகள் இங்கே உண்டு. மாணவர்களிடம் கொண்டுபோகும்போது வீட்டுச் சம்மதம் கேட்பது அவசியம்.

கத்தரி முதலில் உள்ளே இறங்கவே இல்லை. வெள்ளைப் பகுதி அவ்வளவு கெட்டி. வெட்டியதும் மை போலக் கறுப்பு கையெல்லாம் ஒட்டியது. 'கண் பாவை ஒரு கறுப்புப் பொட்டு' என்று நினைத்திருந்தவர்கள் அதில் பென்சில் நுனியை விட்டு எடுத்தார்கள். அது ஓட்டை. உள்ளே இருட்டு, அதனால் கறுப்பு. லென்ஸ் கோலிக்குண்டு மாதிரி உருண்டு வந்தது. செய்தித்தாள் மேல் வைத்தோம், எழுத்து பெரிதானது. விழித்திரை நனைந்த டிஷ்யூ பேப்பர்போல நழுவி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. நரம்பு வெளியே போகும் இடம். "குருட்டுப் புள்ளின்னு எத்தனை தடவை எழுதிருக்கேன், இதான் அதா?" என்று ஒரு நேச்சுரல் சயின்ஸ் பையன் கேட்டான்.

பின்சுவரில் நீலமும் பச்சையுமாக மயில் கழுத்து நிறம் மின்னியது. அதுதான் அந்தப் படலம். இங்கே கட்டாயம் நிறுத்திச் சொல்ல வேண்டும்: இது மனிதக் கண்ணில் இல்லை. சொல்லாவிட்டால் அடுத்த பரீட்சையில் மனிதக் கண்ணுக்கும் மயில் நிறம் வந்துவிடும்.

நான்கில் ஒன்றை வெட்டாமல், பின்பக்க வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அங்கே டிரேசிங் பேப்பர் ஒட்டி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். 17ஆம் நூற்றாண்டில் ஷைனர் என்ற ஜெர்மன் பாதிரியார் இப்படிச் செய்துதான் விழித்திரையில் விழும் படத்தைக் கண்ணால் கண்டார். எங்களுக்கு அன்று கண் கிழிந்துபோயிற்று. அடுத்த வாரம் இன்னும் இரண்டு வாங்கினோம், அதில் ஒன்றில் கிடைத்தது. மங்கல்தான். ஆனால் ஜன்னலும் வெளியே நின்ற தென்னையும் தலைகீழாக, விரல்நகம் அளவில்.

தலைகீழ் என்றதும் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "மூளை நிமிர்த்திக்கும்." யாரோ உள்ளே உட்கார்ந்து போட்டோவைத் திருப்பிப் போடுவது போல. நான் கேட்டேன், அந்தப் படத்தை உள்ளே யார் பார்க்கிறார்கள், எந்தக் கண்ணால்? படம் விழித்திரையோடு முடிந்தது. அதற்குப் பிறகு போவது நரம்புச் சைகைகள். விழித்திரையின் கீழ்ப் பகுதியிலிருந்து வருவதை 'மேலே இருக்கிறது' என்றே நாம் உணர்கிறோம், திருப்புவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இதைக் காட்ட ஒரு சின்னச் செய்முறை உண்டு. ஓர் அட்டையில் ஊசியால் ஓட்டை போடுங்கள். கண்ணிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி அட்டையைப் பிடித்து வானத்தைப் பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திரும்பவே கூடாது. இப்போது உருண்டைத் தலைக் குண்டூசியைத் தலை மேலாகப் பிடித்து, அட்டைக்கும் கண்ணுக்கும் நடுவில், கீழிருந்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். ஊசி மேலிருந்து, தலைகீழாக இறங்கிவரும். அவ்வளவு கிட்டே லென்ஸால் படம் உண்டாக்க முடியாது. ஊசியின் நிழல்தான் விழித்திரையில் நேராக விழுகிறது. நேராக விழுந்தது தலைகீழாகத் தெரிகிறது! ஆறு பேரும் மாறி மாறிச் செய்தார்கள், பெல் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்று, லென்ஸ். "ஒளியை வளைப்பது எது?" என்று கேட்டால் ஆறு பேரும் லென்ஸ் என்றார்கள். நான் அவர்களிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றிலும் வாய்க்காலிலும் குதித்து வளர்ந்தவர்கள். தண்ணிக்குள் கண்ணைத் திறந்தால் எப்படித் தெரியும்? கலங்கலாக. தண்ணி தெளிவாக இருந்தாலும்? தெளிவாக இருந்தாலும். லென்ஸ் எங்கும் போகவில்லையே, பின் ஏன்? யாருக்கும் பதில் இல்லை. கண் ஒளியை வளைக்கும் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் (லென்ஸ் திறனை அளக்கும் அலகு), அதில் 40க்கு மேல் கார்னியாவின் முன்பக்கத்தில், காற்றிலிருந்து ஒளி நுழையும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. தண்ணிக்கும் கார்னியாவுக்கும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே தண்ணிக்குள் அந்த வளைவு போய்விடும். நீச்சல் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் மறுபடி காற்று, மறுபடி தெளிவு.

என் பாட்டிக்குப் புரை எடுத்தது உள்ளே லென்ஸ் வைக்கும் பழக்கம் பரவுவதற்கு முன்னால். லென்ஸே இல்லாத கண்ணோடு அவர் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினார். பிளஸ் பத்தை ஒட்டிய கண்ணாடி. லென்ஸ்தான் எல்லாம் என்றால் அது எப்படி முடியும்? லென்ஸின் தனி வேலை, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாற்றி மாற்றிச் சரிசெய்வது. 1801இல் தாமஸ் யங் என்ற ஆங்கில விஞ்ஞானி தன் கண்ணோடு தண்ணீர் நிரப்பிய ஒரு குட்டி லென்ஸை ஒட்டிவைத்து, கார்னியாவின் வேலையை இல்லாமல் செய்து, அப்போதும் கிட்டப்பொருளுக்குக் கண் சரிசெய்துகொள்கிறது என்று காட்டினார்.

அந்தச் சரிசெய்தல் எப்படி நடக்கிறது என்பதில்தான் எல்லோரும் தடுக்குகிறார்கள். தசை சுருங்கினால் லென்ஸை இழுக்கும், இழுத்தால் தட்டையாகும் என்றுதான் மனசு சொல்லும். புத்தகத்தில் நேர்மாறாக இருப்பதால் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். சட்டம்தான் லென்ஸைச் சுற்றியுள்ள சிலியரித் தசை, வட்டமானது. கயிறுகள் லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள். சட்டம் உள்நோக்கிச் சுருங்கினால் கயிறு தொய்யும். தொய்ந்தால் லென்ஸ் தன் இயல்பில் உருண்டு தடிக்கும், கிட்டத்தில் இருப்பது தெளியும். தூரத்து நெல்லியாம்பதி மலையைப் பார்க்கும்போது தசை ஓய்வெடுக்கிறது. புத்தகம் படிக்கும்போது வேலை செய்கிறது. வயசானால் லென்ஸ் இறுகிப்போய், கயிறு தொய்ந்தாலும் உருளாது. அதுதான் வெள்ளெழுத்து. மலையாளத்திலும் அதே சொல்தான்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு பயிற்சி ஆசிரியர் கேட்டார். பரீட்சையில் வருவது நாலு மார்க். அவரிடம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எப்போதும் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதுவாள். பலகையைப் பார்க்க மாட்டாள். பல தடவை திட்டினேன், ஒரு நாள் வெளியே நிற்க வைத்தேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு ஒரு கண் முகாமில் தெரிந்தது, அவளுக்கு மைனஸ் மூன்றரை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற கடைசித் தூரம், அதாவது சேய்மைப் புள்ளி, அந்தக் கணக்கை வகுப்பில் எத்தனையோ முறை போட்டவள் நான். நூறை மூன்றரையால் வகுத்தால் 29 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஒன்றேகால் சாணுக்கு அப்பால் அவளுக்கு உலகமே கலங்கல். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், அவள் பலகையைப் பார்க்கவில்லை. வெளியே வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இலையும் தனித்தனியாக இருக்கிறது என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். அது எனக்குக் கேட்டது.

கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற, தலையைச் சாய்த்துப் பார்க்கிற, பலகையைவிட்டுப் பக்கத்து நோட்டைப் பார்க்கிற பிள்ளையை முதலில் பார்க்கக் கூடியவர் வகுப்பில் நிற்கிற ஆசிரியர்தான். கண்ணைச் சுருக்கினால் ஏன் கொஞ்சம் தெளிகிறது என்று தெரிந்தவருக்கு அந்தப் பிள்ளையின் முகம் வேறு மாதிரி தெரியும். துளை சிறிதானால் கலங்கல் குறையும், அவ்வளவுதான் விஷயம்.

இன்டர்ன்ஷிப் முடிய ஒரு வாரம் இருந்தபோது, அந்த எம்.எஸ்சி. பெண் அதே வகுப்பை மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டாள். இந்த முறை பலகையில் படம் இல்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. வாங்க, சேர்ந்து பாப்போம்" என்று ஆரம்பித்து, பிள்ளைகளைப் பாதிப் பாதியாக இருட்டு அறைக்குக் கூட்டிப்போனாள். மூன்றாவது பெஞ்சுப் பையன் வீட்டுப் பூனைக்குட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இருட்டில் அது கத்தியது மட்டும் கேட்டது. டார்ச்சை அவள் தன் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு நொடி அடித்ததும் இரண்டு பச்சைப் பொட்டு.

மறுநாள் பனைமரத் தாளைக் கொடுத்து அம்பு போடச் சொன்னாள். நான்கு பேர் இன்னும் கண்ணிலிருந்து மரத்துக்கே போட்டிருந்தார்கள். மதியக் கஞ்சி முடிந்ததும் அந்த நான்கு பேரையும் வராந்தாவில் உட்கார வைத்து, கைலென்ஸையும் வெள்ளைத் தாளையும் எடுத்தாள். வாசலும் வேப்பமரமும் தாளில் தலைகீழாக விழுந்தன. மரத்திலிருந்து வெளிச்சம் வராவிட்டால் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மூன்று பேர் அம்பை அழித்துத் திருப்பிப் போட்டார்கள்.

நான்காவது பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கனவுல எப்படி டீச்சர் தெரியுது? கண்ணு மூடித்தான இருக்கு?" என்றாள்.

பயிற்சி ஆசிரியை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் தன் டீச்சிங் மேனுவலைத் திறந்து, அந்தக் கேள்வியை அந்தப் பெண் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டாள்.